லாண்ட்மாஸ்டர் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு: பேப்பரிலிருந்து பள்ளம் இறங்குவது வரை

கிளிநொச்சியில், வட்டக்கச்சிப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் கட்டு. அதிலிருந்து வயலுக்கு இறங்கும் சரிவில்தான் என் லாண்ட்மாஸ்டர், அதாவது கைபிடியைப் பிடித்து ஓட்டும் இரண்டு சில்லு (சக்கர) உழவு இயந்திரம், வாய்க்காலுக்குள் போனது. பின்னால் பூட்டி இழுக்கும் பெட்டியில் பத்து மூட்டை விதைநெல் இருந்தது. வலப்பக்கம் திருப்புவதற்காக வலது கையின் கிளச்சைப் பிடித்தேன். மெஷின் இடப்பக்கம் திரும்பியது. பயத்தில் இன்னும் இறுக்கிப் பிடித்தேன், இன்னும் வேகமாக இடப்பக்கம் போனது. நான் குதித்துத் தப்பினேன். விதைநெல் முழுக்க நனைந்துவிட்டது. அந்தப் போகம் விதைப்பு பத்து நாள் பிந்தியது.

மெஷினில் எந்தப் பிழையும் இருக்கவில்லை. பள்ளம் இறங்கும்போது அந்தக் கிளச் மறுபக்கமாக வேலை செய்யும் என்று எனக்குத் தெரியாமல் இருந்ததுதான் காரணம். விற்றவர் சொல்லவில்லை. ஓட்டிக் காட்டிய பெடியன் சமதரையில் மட்டும் ஓட்டிக் காட்டினான். வன்னியில் இப்போது புதிதாக வயலுக்கு இறங்குகிறவர்கள் பலர். பெண்கள் தனியே நின்று வயல் செய்கிற வீடுகளும் நிறைய. உங்களில் ஒருவருக்கும் என் நிலை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். சின்ன விஷயங்களையும் விடாமல் எழுதியிருக்கிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

1. வாங்குவதற்கு முன் பேப்பரைப் பாருங்கள்

பழைய மெஷின் வாங்கும்போது எல்லோரும் முதலில் என்ஜின் சத்தத்தைத்தான் கேட்பார்கள். நீங்கள் முதலில் பதிவுப் புத்தகத்தைக் கேளுங்கள். புத்தகத்தில் உள்ள என்ஜின் இலக்கத்தையும் செசி (அடிச்சட்ட) இலக்கத்தையும் மெஷினில் அடித்திருக்கும் இலக்கத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். சேறும் எண்ணெயும் படிந்து இலக்கம் தெரியாது. ஒரு பழைய துணியும் கொஞ்சம் டீசலும் கொண்டுபோய்த் துடைத்துப் பாருங்கள். என்ஜின் மாற்றிய மெஷின்கள் நிறைய ஓடுகின்றன. மாற்றியதில் தவறில்லை, ஆனால் அது புத்தகத்திலும் மாறியிருக்க வேண்டும்.

பெட்டிக்குத் தனிப் பதிவு, தனி இலக்கம். இது பலருக்குத் தெரியாது. மெஷினின் புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அப்புறம் வீதியில் மறிக்கும்போதுதான் பெட்டிக்கு ஒன்றுமில்லை என்று தெரியவரும்.

இன்னொரு பொறி, ஓப்பன் பேப்பர். பெயர் மாற்றாமல், கையெழுத்து மட்டும் வைத்த மாற்றுப் படிவத்தோடு மெஷின் மூன்று நான்கு கை மாறியிருக்கும். விலை குறைவாக இருக்கும், மனமும் இழுக்கும். பதிவில் இருக்கிறவர் வெளிநாடு போயிருந்தால், அல்லது காலமாகியிருந்தால், உங்கள் பெயருக்கு மாற்ற அலைந்து களைத்துவிடுவீர்கள். பதிவுச் சொந்தக்காரரை நேரில் கண்டு, அவருடைய அடையாள அட்டையையும் பார்த்த பிறகே காசு கொடுங்கள். லீசிங்கில் எடுத்த மெஷின் என்றால் புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். கட்டி முடித்ததற்கான கடிதம் இல்லாமல் அதைத் தொடவேண்டாம்.

பிறகு காப்புறுதியும் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரமும். அனுமதிப்பத்திரத்தைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். காப்புறுதி இல்லாமல் தரமாட்டார்கள், ஆகவே அதை முதலில் எடுங்கள். எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள். வயலுக்குக் கொண்டுபோகும் பேப்பர் ஒருநாள் நனையத்தான் செய்யும்.

2. லைசன்ஸ்: ஜி1

“வயலுக்குத்தானே, லைசன்ஸ் எதற்கு” என்று சொல்லுவார்கள். வயலுக்குப் போக வீதியில்தான் போகவேண்டும். லாண்ட்மாஸ்டருக்கு உரிய வகுப்பு ஜி1. நான்கு சில்லு உழவு இயந்திரத்துக்கு ஜி. உங்களிடம் ஏற்கெனவே சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தால் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி, ஜி1 வரிக்கு நேரே திகதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

இல்லாவிட்டால் ஒழுங்கு இதுதான். முதலில் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் மருத்துவச் சான்றிதழ். அடையாள அட்டையோடு போங்கள், கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியையும் கொண்டுபோங்கள். பிறகு பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, மருத்துவச் சான்றிதழ் மூன்றையும் கொண்டு மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பம். எழுத்துப் பரீட்சை தமிழில் எழுதலாம். அதில் தேறினால் பழகுவதற்கான அனுமதிப்பத்திரம் தருவார்கள், அது 18 மாதம் செல்லும். செய்முறைத் தேர்வுக்கு இடையில் மூன்று மாதம் போகும். அந்தக் காலத்தில் எல் பலகை போட்டு, லைசன்ஸ் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வீதியில் ஓட்டலாம்.

காலக் கணக்கை இங்கேதான் கவனிக்க வேண்டும். காலபோக (மாரிகால நெல்) உழவு புரட்டாதி, ஐப்பசியில் வரும். நான் ஆவணியில் மருத்துவச் சான்றிதழுக்கு ஓடினேன், விதைப்பு முடிந்த பிறகுதான் அட்டை கைக்கு வந்தது. நீங்கள் சித்திரைப் புத்தாண்டு கழிந்த கையோடு தொடங்கினால் ஆடிக்குள் முடிக்கலாம். பிறப்புச் சான்றிதழ் தொலைந்தவர்கள் இன்னும் ஒரு மாதம் முன்னதாகத் தொடங்குங்கள். எங்கள் பக்கத்தில் இடம்பெயர்வில் அது தொலையாத வீடு குறைவு. பிறந்த இடத்துப் பதிவுப் பிரிவில் பிரதி எடுக்க நாள் செல்லும்.

3. உடுப்பு

சாரம் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு ஓட்டுகிறவர்களைத்தான் தினமும் பார்க்கிறோம். அவர்கள் முப்பது வருடமாக ஓட்டுகிறவர்கள். நீங்கள் அப்படிச் செய்யவேண்டாம். பெல்ற்றும் ரொட்டவேற்றரும் (மண்ணைக் கிளறும் சுழல் கத்திகள்) துணியின் ஒரு நுனியைப் பிடித்தால் போதும், ஆளையே இழுத்துவிடும். ஒடுக்கமான காற்சட்டை, உடம்போடு ஒட்டிய மேற்சட்டை, மூடிய சப்பாத்து. பெண்கள் துப்பட்டாவை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். பின்னலைச் சுருட்டித் தொப்பிக்குள் செருகுங்கள். சேற்றில் சப்பாத்துப் புதையும், கால் கனக்கும். ஆனாலும் கழற்றாதீர்கள்.

4. ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்

ஒவ்வொரு நாளும் காலையில் ஐந்து நிமிடம். தண்ணீர், ஒயில், டீசல், பெல்ற், ரயர், நட்டு. ரேடியேற்றர் இல்லாத மெஷின்களில் என்ஜினுக்கு மேலே உள்ள தொட்டித் தண்ணீர் கொதித்து ஆவியாகித்தான் சூடு போகும். அதனால் தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கும். தொட்டியில் சிவப்பு மிதவை உள்ள மெஷின் என்றால் அது தாழ்ந்தவுடன் தண்ணீர் விடவேண்டும். நன்றாகச் சூடேறிக் காய்ந்துபோன என்ஜினுக்குள் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் வெடித்துவிடும். நிறுத்தி, ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ரேடியேற்றர் உள்ளதென்றால் சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது.

ரொட்டவேற்றர் கத்திகளின் நட்டுகளை ஸ்பானரால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். தளர்ந்த கத்தி கழன்று பறந்தால் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கொட்டிலுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு என்ஜின் ஓடவிடாதீர்கள். புகைக்குள் இருக்கும் நச்சுவாயுவுக்கு மணமில்லை. வெளியே தள்ளிக்கொண்டு வந்து ஸ்டார்ட் பண்ணுங்கள்.

5. ஹாண்டில் அடிப்பது (கையால் சுழற்றி ஸ்டார்ட் பண்ணுவது)

முதலில் மூன்று விஷயம்: கியர் நியூற்றலில், ரொட்டவேற்றர் நியூற்றலில், பெரிய கிளச் பின்னுக்கு இழுத்த நிலையில் (இந்தப் பிடிகளை அடுத்த பகுதியில் விளக்கியிருக்கிறேன்). இதைக் கண்ணால் பார்த்தால் போதாது, கையால் ஆட்டிப் பாருங்கள். கியரில் கிடந்த மெஷின் ஸ்டார்ட்டானால் முன்னால் நிற்கிறவர் மேல் ஏறும். பிள்ளைகளையும் ஆட்டையும் தள்ளிப் போகச் சொல்லுங்கள்.

அக்சிலேற்றரை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். என்ஜினுக்குள் அமுக்கத்தைத் திறந்துவிடும் சின்ன நெம்பு ஒன்று இருக்கும், இடது கையால் அதைத் தூக்கிப் பிடியுங்கள். வலது கையால் ஹாண்டிலைச் சுழற்றுங்கள், மெல்லத் தொடங்கி வேகமாக. நல்ல வேகம் வந்தவுடன் நெம்பை விட்டுவிட்டு, ஹாண்டில் சுழற்றுவதை நிறுத்தாமல் தொடருங்கள். என்ஜின் பிடித்ததும் ஹாண்டில் தானாகக் கழன்று வரும், அப்போது கையோடு எடுத்துவிடுங்கள்.

பெருவிரல்தான் முக்கியம். ஹாண்டிலைப் பிடிக்கும்போது பெருவிரலை மற்ற நான்கு விரல்களின் பக்கமாகவே வையுங்கள், சுற்றிப் பிடிக்கவேண்டாம். என்ஜின் திருப்பி அடித்தால் சுற்றிப் பிடித்த பெருவிரல் முறியும். மூன்று தரம் அடித்தும் பிடிக்காவிட்டால் இருந்து களையாறுங்கள். களைத்த கையால் அடிக்கும்போதுதான் திருப்பி அடிக்கும்.

6. என்ஜின் ஓடாமல் கைபிடிகளைப் பழகுங்கள்

இதற்கு ஒரு பின்னேரம் முழுக்க ஒதுக்குங்கள். முன் ஸ்டாண்டைப் போட்டு, என்ஜின் ஓடாமல், பின்னால் நின்று ஒவ்வொரு பிடியையும் பெயர் சொல்லித் தொடுங்கள். மெஷினுக்கு மெஷின் இடம் கொஞ்சம் மாறும். வேலை ஒன்றுதான்.

பெரிய கிளச்: நீளமான நெம்பு. முன்னுக்குத் தள்ளினால் மெஷின் போகும், நடுவில் நின்றால் போகாது, முழுக்கப் பின்னுக்கு இழுத்தால் பிரேக். ஏதாவது நடந்தால் கை முதலில் போகவேண்டிய இடம் இதுதான். கண்ணை மூடிக்கொண்டு இருபது தரம் இழுத்துப் பழகுங்கள். நான் சொல்வது வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் ஆபத்து நேரத்தில் தேடிப் பார்க்க நேரமிருக்காது.

கியர் நெம்பு: பெரும்பாலான மெஷினில் முன்னுக்கு ஆறு, பின்னுக்கு இரண்டு. ஊர்வதற்கு ஒரு வரிசை, ஓடுவதற்கு ஒரு வரிசை. எந்த வரிசையில் எந்தக் கியர் என்று பெயின்ற்றால் மெஷினிலேயே எழுதிவிடுங்கள்.

ரொட்டவேற்றர் நெம்பு: நியூற்றல், மெதுவான சுழற்சி, வேகமான சுழற்சி.

அக்சிலேற்றர்: வலது கைபிடியில். எந்தப் பக்கம் தள்ளினால் குறையும் என்பதை விரலுக்குப் பழக்குங்கள். என்ஜினை நிறுத்துவதும் இதால்தான், முழுக்கக் குறைத்து நிறுத்தும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

பக்கக் கிளச் இரண்டு: சைக்கிள் பிரேக்கைப்போல ஒவ்வொரு கைபிடிக்கும் கீழே ஒன்று. இடதைப் பிடித்தால் இடது சில்லுக்கு என்ஜின் பலம் போகாது. வலது சில்லு மட்டும் தள்ளுவதால் மெஷின் இடப்பக்கம் திரும்பும். சைக்கிள் ஓடிப் பழகியவர்களின் கைக்கு இது பிரேக் என்றே தோன்றும். பிரேக் இல்லை! இரண்டையும் ஒன்றாகப் பிடித்தால் மெஷின் நிற்காது, இரண்டு சில்லும் சும்மா உருளும்.

7. முதல் ஓட்டம்

பெட்டியும் ரொட்டவேற்றரும் பூட்டாமல், வெறும் வெளியில். அறுவடை முடிந்த வயல் நல்லது. மிகக் குறைந்த கியரைப் போட்டு, அக்சிலேற்றரைக் குறைத்து, பெரிய கிளச்சை மெல்ல முன்னுக்கு விடுங்கள். போவதற்கு முன் நிற்பதைப் பழகுங்கள்: பத்து அடி போய் நில்லுங்கள், மறுபடியும் பத்து அடி. அரை மணிநேரம் இதுதான் வேலை.

பின்கியர் மிக ஆபத்து. கிளச்சை டக்கென்று விட்டால் கைபிடி மேலே எழும்பி நாடியில் அடிக்கும். பின்னால் மரமோ மதிலோ இருந்தால் அதற்கும் மெஷினுக்கும் நடுவில் அகப்பட்டுவிடுவீர்கள். பின்னுக்கு எடுக்கும்போது அக்சிலேற்றர் மிகக் குறைவாக இருக்கவேண்டும். போகப்போகும் இடத்தை முதலில் திரும்பிப் பாருங்கள், கையை நீட்டி ஒரு பக்கமாக நில்லுங்கள்.

8. பள்ளம் இறங்குவது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள்.

சமதரையிலும் ஏற்றத்திலும் என்ஜின் சில்லைத் தள்ளுகிறது. இறக்கத்தில் மெஷினின் பாரம் சில்லை உருட்டுகிறது, என்ஜின் அதைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த நேரம் வலது பக்கக் கிளச்சைப் பிடித்தால் வலது சில்லைப் பிடித்திருந்த என்ஜின் அதை விட்டுவிடும். வலது சில்லு சுதந்திரமாக, வேகமாக உருளும். இடது சில்லு இன்னும் பிடியில் இருக்கும். அதனால் மெஷின் இடப்பக்கம் திரும்பும். நீங்கள் நினைத்ததற்கு நேர் எதிர்ப்பக்கம். பெட்டியில் சுமை இருந்தால் பின்னாலிருந்து தள்ளும் பாரம் இன்னும் அதிகம், திருப்பமும் இன்னும் மோசம்.

வாய்க்காலுக்குள் போன அன்று என்னோடு மெஷினை வெளியே இழுத்த பெரியப்பா ஒருவர் சொன்னார்: “பிள்ளை, பள்ளத்திலை கிளச்சைத் தொடாதை. உடம்பாலை தள்ளித் திருப்பு.” ஒரு வசனம்தான். அதை ஒருநாள் முன்னதாகக் கேட்டிருந்தால் விதைநெல் தப்பியிருக்கும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள்:

இறங்குவதற்கு முன்பே, மேலே சமதரையில் நின்று, குறைந்த கியருக்கு மாற்றுங்கள். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் அல்லது அதற்கும் குறைந்ததில் இறங்குங்கள். நடுச்சரிவில் கியர் மாற்றவே கூடாது. நியூற்றலுக்கு வந்த நொடியில் மெஷினைப் பிடிக்க எதுவும் இல்லை.

அக்சிலேற்றரை முழுக்கக் குறையுங்கள். பெரிய கிளச் போட்டபடியே இருக்கட்டும், என்ஜின்தான் உங்கள் பிரேக். டீசல் மிச்சம் பிடிக்க நியூற்றலில் உருட்டிக்கொண்டு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி மிச்சம் பிடிக்கும் டீசல் ஒரு மிடறு தண்ணீர் அளவுகூட வராது.

திருப்பம் தேவையென்றால் கைபிடி இரண்டையும் பிடித்து உடம்பால் தள்ளித் திருப்புங்கள். கூடியமட்டும் சரிவுக்கு நேராக இறங்குகிற பாதையைத் தெரிவு செய்யுங்கள், வளைவை சமதரைக்கு வந்த பிறகு வையுங்கள்.

பெட்டி பூட்டியிருந்தால் முதலில் பெட்டியின் கால் பிரேக்கை மெல்ல மிதியுங்கள். பெட்டி பின்னால் இழுபட்டபடி வரவேண்டும், மெஷினைத் தள்ளக்கூடாது. தள்ளினால் மெஷினும் பெட்டியும் நடுவில் மடிந்து புரளும். பெட்டிப் பிரேக் வேலை செய்யாத மெஷினோடு குளக்கட்டில் ஏறாதீர்கள்.

தவறிக் கிளச்சைப் பிடித்து மெஷின் மறுபக்கம் திரும்பத் தொடங்கினால் இறுக்காதீர்கள், விட்டுவிடுங்கள். விட்டவுடன் நேராகும். கை இதை நம்ப மறுக்கும். அதனால் ஒரு சின்ன இறக்கத்தில், பெட்டி இல்லாமல், லைசன்ஸும் அனுபவமும் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஊரும் கியரில் ஒருமுறை வேண்டுமென்றே பிடித்துப் பாருங்கள். மெஷின் மாறித் திரும்புவதை உங்கள் கண்ணால் பார்த்தால் பிறகு மறக்கமாட்டீர்கள்.

கட்டு, மதகு, வாய்க்கால் பாலத்தின் இரு பக்கச் சரிவு, பிரதான வீதியிலிருந்து கிறவல் ஒழுங்கைக்கு இறங்கும் இடம் எல்லாமே இந்தக் கணக்கில்தான். வன்னி தட்டை நிலம்தானே என்று நினைக்கவேண்டாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

9. உழவு

முதலில் நிலத்தைப் பற்றி ஒன்று. பல வருடம் உழாமல் கிடந்த காணி, பற்றை வெட்டிப் புதிதாகத் திருத்தும் காணி என்றால், கண்ணிவெடி அகற்றி முடித்து ஒப்படைத்த காணிதானா என்று கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டு உறுதி செய்யுங்கள். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை உள்ள பக்கம் ஒரு அடியும் வைக்கவேண்டாம். பலகை விழுந்திருக்கலாம், யாரோ எடுத்திருக்கவும் கூடும். உழும்போது புரியாத இரும்போ பிளாஸ்டிக்கோ தென்பட்டால் மெஷினை அங்கேயே விட்டு, வந்த தடத்திலேயே கால் வைத்துத் திரும்பி வாருங்கள். தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். பொலிஸுக்கு 119.

ரொட்டவேற்றரைப் பின் சில்லின் திருகால் மேலே உயர்த்தி, ஆழமில்லாத உழவாகத் தொடங்குங்கள். காய்ந்த நிலத்தில், முக்கியமாகப் புழுதி விதைப்புக்கு உழும்போது, கத்தி மண்ணுக்குள் இறங்காமல் மேலே உருளும். அப்போது மெஷின் முன்னுக்குப் பாயும். ஒரே தரத்தில் ஆழமாக உழ ஆசைப்படாமல் இரண்டு தரமாக உழுங்கள். ஒரு மழை விழுந்த பிறகு உழுவது மெஷினுக்கும் கைக்கும் நல்லது.

வரம்புக்கு வந்ததும் ஒழுங்கு இதுதான்: அக்சிலேற்றரைக் குறை, ரொட்டவேற்றரை நியூற்றலாக்கு, பிறகு திரும்பு. சுழலும் கத்தியோடு பின்கியர் போடவே கூடாது. புதிய மெஷின்களில் இரண்டும் ஒன்றாகப் போடமுடியாத பூட்டு இருக்கும். பழைய மெஷினில் அது தேய்ந்திருக்கலாம், ஆகவே பூட்டை நம்பாதீர்கள். பின்னால் வரும் கத்தி நிற்கிறவர் காலைத்தான் முதலில் காணும்.

கத்தியில் வைக்கோலோ கயிறோ நைலோன் வலையோ சுற்றினால் என்ஜினை முழுக்க நிறுத்திவிட்டுத்தான் குனிய வேண்டும். கிளச்சைப் பின்னுக்கு இழுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். வேலை அவசரம், மழை வருகிறது, ஆள் காத்திருக்கிறார் என்று எத்தனை காரணம் வந்தாலும் நிறுத்துங்கள். மறுபடி ஹாண்டில் அடிக்கப் பஞ்சிப்பட்டுத்தான் பலர் நிறுத்தாமல் கை வைக்கிறார்கள்.

பின் இருக்கையில் இருந்து ஓட்டும்போது சில்லு குழிக்குள் விழுந்தால் கத்தியின் பக்கம் சரிவீர்கள். பழகும் முதல் போகம் நடந்தே உழுங்கள். இருக்கை இரண்டாம் போகத்துக்கு.

வரம்பு கடக்கும்போது குறுக்காக, நேர் கோணத்தில் கடக்கவேண்டும். சாய்வாகக் கடந்தால் ஒரு சில்லு மேலே, ஒரு சில்லு கீழே என்று புரளும். உயரமான வரம்பை மண்வெட்டியால் கொஞ்சம் வெட்டித் தாழ்த்துங்கள், கடந்த பிறகு திருப்பி அணையுங்கள். புதைந்துவிட்டால் சில்லுக்கு முன்னால் பலகை போட்டு, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மெல்ல எடுங்கள்.

10. பெட்டி பூட்டி வீதிக்கு

பெட்டியை மெஷினோடு பூட்டும் கொளுவியின் ஊசியும் அதன் பூட்டும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே நகருங்கள். ஊசிக்குப் பதிலாகக் கம்பி செருகி ஓட்டுகிறவர்கள் உண்டு, நீங்கள் செய்யாதீர்கள். சுமையைப் பெட்டியின் நடுவில், கொஞ்சம் முன்னுக்குச் சாய்வாக ஏற்றுங்கள். பின்னால் கனத்தால் மெஷினின் சில்லு நிலத்தில் பிடியை இழக்கும், கைபிடியும் தூக்கும்.

ஏ9 வீதியிலும் பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 வீதியிலும் வாகனங்கள் வேகமாக வரும். இருட்டில் பின்வெளிச்சம் இல்லாத பெட்டி அவர்களுக்குக் கிட்ட வந்த பிறகுதான் தெரியும். பெட்டியின் பின்பலகையில் இரண்டு மூலையிலும் வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு ஒளித்தெறி ஒட்டுங்கள், இரவில் பற்றரியில் எரியும் சிவப்பு விளக்கும் கட்டுங்கள். இவற்றின் செலவு பெரிதில்லை. கூடியமட்டும் பொழுதுபடுவதற்குள் வீடு வந்து சேருங்கள். மாடுகளும் அந்த நேரம்தான் வீதியில் படுக்கும்.

ஆட்களை ஏற்றுவது பற்றி ஒன்று சொல்லவேண்டும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் பெட்டி நிறைய ஆட்களோடு போவது எங்களுக்குப் பழக்கம். அது சாமான் ஏற்றும் பெட்டி, பிடிக்க ஒன்றுமில்லை, புரண்டால் எல்லோரும் கீழே. சொந்தக்காரர் கேட்டால் மறுப்பது கஷ்டம்தான். மறுங்கள். குறிப்பாக முன்னால் உங்கள் பக்கத்தில் கொளுவிக்கு மேல் பிள்ளையை இருத்தாதீர்கள்.

விபத்து என்றால் 1990 இலக்கத்துக்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். கையிலோ காலிலோ பெரிய வெட்டு என்றால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே காத்திருங்கள். ஆள் சிக்கியிருந்தால் மெஷினைப் பின்கியரில் எடுக்க முயலாதீர்கள், என்ஜினை நிறுத்துங்கள்.

11. செலவு

டீசல் எவ்வளவு குடிக்கும் என்பதை யாரிடமும் கேட்காமல் நீங்களே அளந்துகொள்ளுங்கள். தொட்டியை விளிம்புவரை நிரப்பி ஒரு மணிநேரம் உழுங்கள். பிறகு ஒரு லீற்றர் போத்தலால் திருப்பி விளிம்புவரை நிரப்பினால் கணக்கு வந்துவிடும். என்னுடைய 12 குதிரைவலு மெஷின் சேற்று உழவுக்கு மணிக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு லீற்றர் எடுக்கிறது. இந்தக் கணக்கு தெரிந்தால் கூலிக்கு உழும்போதும் நட்டப்படமாட்டீர்கள்.

என்ஜின் ஒயில் ஏறத்தாழ 100 மணிநேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். புது என்ஜின் என்றால் முதல் மாற்றம் அதற்கும் முன்னதாக. மணிநேரத்தைக் கொட்டில் சுவரில் கரியால் கோடு போட்டு வையுங்கள். பெல்ற் ஒன்று அறுந்தால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், முழுச் செற்றையும் மாற்றுங்கள். பழையதோடு சேர்ந்த புதிய பெல்ற்றும் சீக்கிரம் போய்விடும். இரண்டு பெல்ற், ஒரு கொளுவி ஊசி, நான்கு கத்தி, அவற்றின் நட்டு இவற்றை விதைப்புக்கு முன்பே வாங்கி வையுங்கள். ஐப்பசியில் கிளிநொச்சிக் கடைகளில் எல்லோரும் அதையேதான் தேடுவார்கள்.

கராஜில் கொடுக்கும்போது என்னென்ன மாற்றப்போகிறார்கள் என்று எழுதி வாங்குங்கள், கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். ஒரு கராஜில் மாற்றாத சாமானுக்கு நான் காசு கட்டியிருக்கிறேன்.

12. நிறுத்துவது

நல்ல நாளில் அக்சிலேற்றரைக் குறைத்து இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, பிறகு முழுக்கக் குறைத்து நிறுத்துங்கள். டீசல் குழாயைப் பூட்டுங்கள்.

கெட்ட நாள் ஒன்றும் உண்டு. அக்சிலேற்றரைக் குறைத்தும் என்ஜின் குறையாமல் கத்திக்கொண்டு ஏறும். அப்போது ஓடாதீர்கள். பெரிய கிளச்சைப் பின்னுக்கு இழுங்கள். காற்று வடிகட்டியின் வாயைத் தடித்த சாக்கால் அல்லது துணியால் இறுக்கி அடையுங்கள், காற்று இல்லாவிட்டால் என்ஜின் நின்றுவிடும். வெறும் உள்ளங்கையால் அடைக்கவேண்டாம். டீசல் குழாயையும் பூட்டுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், உடனே நிற்காது. காற்றை அடைக்க ஒரு சாக்கு எப்போதும் கைபிடியில் கட்டியே இருக்கட்டும்.

சமதரையில் விடுங்கள், சில்லுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள், ரொட்டவேற்றரை நிலத்தில் இறக்கிவிடுங்கள். ஹாண்டிலைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய், பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள்.